ஊசிமலைக் கிணற்றில் விஷமில்லை

கிணற்றுக் கட்டையில் யாரோ செத்த எலி ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வரவேற்பு பலமா இருக்கு மேடம்," என்றான் பத்துமலை. "எலியோட கழுத்துல மாலை மட்டும்தான் இல்ல."

சாரதாதேவி சிரிக்கவில்லை. மலேசியாவில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பல வருடம் நுண்ணோக்கி பார்த்தவள். அந்த வேலையை உதறிவிட்டு, ஈப்போவின் ஓரத்துச் சிலிபினில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது அவளுடைய யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். அவளிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரே ஆள் பத்துமலை. கார் ஓட்டுவான், கதவு திறப்பான், வாயை மட்டும் மூடமாட்டான்.

"தெனமும் ஒண்ணு கட்டுறாங்க," என்றான் சன்னாசி. எலியை அவிழ்த்துப் பள்ளத்தில் எறிந்தான். அவர்களை வரவழைத்தவன் அவன்தான். ஊசிமலை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன்.

அவன் சொன்ன கதை இது. இரண்டு வருடம் முன்பு, எழுபத்தேழில், தோட்டம் கைமாறியது. புது முதலாளி வீடு கட்டி விற்கிற கம்பெனி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சனம் அசையவில்லை. குழாய்த் தண்ணீரை வெட்டினார்கள். சன்னாசி முன்னே நின்று, எல்லாரையும் கூட்டி இந்தக் கிணற்றைத் தோண்டினான். அப்புறம் காய்ச்சல் வந்தது. ஆறு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி அவன் மகள் பாப்பா. பத்து வயது.

"டைபாய்டுன்னு தோட்டத்துக்கு மருந்து குடுக்குற டிரசரு சொன்னாரு. கெணத்துத் தண்ணிதானாம். என் புள்ளைய நானே கொன்னுட்டேன்னு பேசிக்கிறாங்க." அவன் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வந்தது. "அது நெசமா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரியணும். நெசம்னா நான் இந்தக் கெணத்துலயே எறங்கிடுறேன்."

தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் சன்னாசியைக் கண்டதும் காலி வாளியோடு திரும்பினாள். போகும்போது காறித் துப்பினாள். எச்சில் அவன் காலருகே விழுந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.

"அந்த மரங்களைப் பாருங்க," என்றான். கிணற்றைச் சுற்றி நாலைந்து ரப்பர் மரங்கள் இலையே இல்லாமல் நின்றன. ஒன்று அடியோடு சாய்ந்து கிடந்தது. "மரத்தையே கொல்ற தண்ணி மனுசன விடுமான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

சாரதாதேவி மரத்தைச் சுற்றி வந்தாள். அடிமரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருந்தது.

"பத்துமலை, மண்வெட்டி எடும்."

"போன வாரம் கையில டைபாய்டு ஊசி. இந்த வாரம் அதே கையில மண்வெட்டி. சம்பளம் மட்டும் எந்தக் கையிலயும் வர மாட்டேங்குது லா."

முனகிக்கொண்டே தோண்டினான். முழங்கை ஆழத்தில் வேர் தெரிந்தது. வேரின் மேல் வெள்ளை வெள்ளையாக, ஒட்டிக்கொண்ட நூடுல்ஸ் போல இழைகள் படர்ந்திருந்தன. சாரதாதேவி விரலால் அழுத்தினாள். வேர் பஞ்சு மாதிரி அமுங்கியது.

"இது வெள்ளை வேர் நோய். ஒரு காளான். பழைய காட்டுமரக் கட்டை மண்ணுக்குள்ள கிடந்தால் அதிலே இருக்கும். பக்கத்து மரத்தின் வேர் வந்து தொட்டால் அதிலே ஏறும். அந்த மரத்தில இருந்து அடுத்த மரம். இலை மஞ்சளாகிற வரைக்கும் மேலே ஒண்டும் தெரியாது." அவள் சன்னாசியை நிமிர்ந்து பார்த்தாள். "இலை எப்ப மஞ்சளானது?"

சன்னாசி யோசித்தான். "கெணறு வெட்டுறதுக்கு முன்னாடியே மஞ்சளாத்தான் கெடந்துச்சு. ஆமா. எங்க சம்சாரம்கூடச் சொன்னா."

"அப்ப மரம் தண்ணியால சாகேல்லை. மரத்தைத் தின்கிற காளான் மனிசனைத் தொடாது. மனிசனுக்கு வாற டைபாய்டுக் கிருமி மரத்தைத் தொடாது. ரெண்டும் வேறை வேறை தெருவில களவெடுக்கிற கள்ளர். மரமும் மனிசரும் ஒரே தண்ணியால செத்தவை எண்டு முதல்ல சொன்னது ஆர்?"

"டிரசரு ஐயாதான். அருளம்பலம் ஐயா. படிச்சவரு."

சாரதாதேவி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"தெரியாம சொல்லியிருந்தால் அவர் ஒரு மோசமான டிரசர்," என்றாள்.

"தெரிஞ்சு சொல்லியிருந்தா?" என்றான் பத்துமலை.

"அப்ப நல்ல டிரசர். அதுதான் பயமா இருக்கு."

*

தோட்டத்து மருந்தகம் மேட்டில் இருந்தது. முகப்பில் கித்தான் கட்டில்கள். அதில் காய்ச்சல்காரர்கள் கண் செருகிக் கிடந்தார்கள். அருளம்பலம் ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, வெள்ளைக் கோட்டு, இளகிய குரல். ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாரதாதேவியின் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்கட ஆக்களே! வாரும் பிள்ளை, வாரும்."

சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ஆவி பறக்கத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பேசப் பேசக் கண் கலங்கினார்.

"கிணத்தை மூட வேணும். சனத்தை இங்கயிருந்து எழுப்ப வேணும். சுகாதார இலாகாக் கந்தோருக்கும் அதைத்தான் சொல்லிப்போட்டன். கம்பெனிக்காரர் பஸ் அனுப்ப ஆயத்தமாம். ஆனா இதுகள் கேட்டால்தானே!"

'இதுகள்' என்ற சொல்லில் பத்துமலையின் புருவம் உயர்ந்தது. இப்படி ஒரு லயத்து வீட்டில் பிறந்தவன்தான் அவனும்.

சுவரில் ஒரு பெண்ணின் படம். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை.

"மகளோ?" என்றாள் சாரதாதேவி.

"ஓம், என்ர வத்சலா. தாயில்லாப் பிள்ளை. தைப்பிங்கில விடுதியில நிண்டு படிக்கிறா. இந்தத் தைப்பூசம் முடியக் கொண்டுபோய் விட்டனான்."

"லீவுக்கு வாறவவோ?"

"நான்தான் போய்ப் பாக்கிறனான். இந்தக் காட்டுக்குள்ள அவவுக்கு என்ன வேலை?"

அப்போது ஒரு பெண் தூக்குவாளியோடு படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு காலைச் சாய்த்து நடந்தாள். வாய் நிறையச் சிரிப்பு.

"செல்லாயி," என்றார் அருளம்பலம். "தங்கமான மனுசி. வேலைக்காட்டில சனத்துக்கு மோர் குடுக்கிறா. இங்க நோயாளிகளுக்கும் இவதான் எல்லாம்."

செல்லாயி தம்ளரில் மோர் ஊற்றி முதலில் அவரிடம் நீட்டினாள். "இன்னைக்காச்சும் குடிங்க ஐயா."

"எனக்குச் சளி, செல்லாயி. இவைக்குக் குடு. குடியுங்கோ தம்பி, வெயிலுக்கு நல்லது."

பத்துமலை கையை நீட்டினான். சாரதாதேவி அந்தக் கையில் தன் கைப்பையைத் திணித்தாள். "அவருக்கு வயிறு சரியில்லை."

வெளியே வந்ததும் அவன் பொருமினான். "என் வயிறு நல்லாத்தான் மேடம் இருந்துச்சு, நீங்க சொல்ற வரைக்கும்."

"நடவும். எந்த எந்த வீட்டில காய்ச்சல் எண்டு பாக்க வேணும்."

*

பார்த்தார்கள். தோட்டத்தில் இரண்டு லயம். கீழ் லயத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மேல் லயத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. மேல் லயத்துக்காரர்களும் குடிப்பது அதே கிணற்றுத் தண்ணீர்.

"கிருமிக்கு மேடு ஏற மூச்சு வாங்குது போல," என்றான் பத்துமலை.

அதற்குப் பதில் செல்லாயியிடமே கிடைத்தது. கீழ் லயத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை அருகே ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். மேல் லயத்து ஆட்கள் பால் வெட்டுகிற மர நிரைக்கும் மோர் கொண்டு போவாளா என்று சாரதாதேவி கேட்டாள்.

"எங்கக்கா ஏறுறது? முட்டி செத்துப்போவுது. அவங்க கோவிச்சுக்கிறாங்க, எங்களுக்கு மட்டும் இல்லையான்னு. கீழ் நிரையோட சரி. அப்பறம் இந்தக் கீழ் லயத்து ஆயாக்கொட்டகையில புள்ளைங்களுக்கு."

ஒரு பெண்ணின் முட்டி வலி மேல் லயம் முழுவதையும் காப்பாற்றியிருந்தது. சாரதாதேவி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த ஊர் நீங்கள்?"

"பாகான் செராயி. நெல்லு ஆலையில ஆளுங்களுக்குச் சமைச்சுப் போடுவேன். அங்கயும் இப்பிடித்தான் காச்சல் வந்துச்சு. வீட்டுக்காரரு போனாரு. பெரியவன் போனான். அப்ப அருளம்பலம் ஐயா அந்த ஆலையில டிரசரு. டப்பா குடுத்து, வெளிக்குப் போனதக் கொண்டாரச் சொல்லிச் சோதிச்சாரு. ஒனக்கு ஒண்ணும் இல்ல, நீ இரும்புன்னாரு. பொறவு சின்னவனும் போயிட்டான்." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "தைப்பூசம் கழிஞ்சு ஐயாவே ஆளனுப்பி இங்க கூப்பிட்டுக்கிட்டாரு. இவ்ளோ புள்ளைங்க இருக்கு, வந்து பாத்துக்கன்னாரு. சாமி மாதிரி அக்கா அவரு. சன்னாசி அண்ணன் மக பாப்பா இருக்கே, கடைசி நாள் வரைக்கும் என் கையால ஊட்டுனாத்தான் திம்பா."

பத்துமலை ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சாரதாதேவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

அன்று மாலைக்குள் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலில் ஏறியது. தோட்டத்தில் சமைக்கிற, பரிமாறுகிற அத்தனை பேரும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். செல்லாயியும் கொடுத்தாள். அவளுக்கு முட்டி வலி மாத்திரை கொடுத்து, மறுபடி வந்து பார்க்கும் வரை வாளியையும் அடுப்பையும் தொடக்கூடாது என்று சாரதாதேவி கண்டிப்பாகச் சொன்னாள். சன்னாசியின் சம்சாரத்தைச் சமைத்துப்போடச் சொன்னாள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொன்னாள்.

*

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து கிளம்பும்போது பத்துமலை டட்சன் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டான்.

"என்ன மேடம் சொல்லுச்சு சோதனை?"

"கிணறு சுத்தம். செல்லாயி சுத்தமில்லை. அவவின்ர பித்தப்பையில கிருமி குடியிருக்கு. அவவுக்கு ஒண்டும் செய்யாது. அவவின்ர கை கழுவாமல் தொட்ட ஆறின சாப்பாடு, மோர், அது போதும். சுட்டுக் கொதிச்சதில கிருமி செத்துப்போம். அதாலதான் அந்த மனுசன் ஆவி பறக்கிற தேத்தண்ணி மட்டும் குடிக்கிறார்."

"அப்ப கேஸ் முடிஞ்சுபோச்சு."

"இல்லை. செல்லாயிக்கு இது தெரியாது. தெரிஞ்சது ஆருக்கு எண்டதுதான் கேஸ். பாகான் செராயில் சோதிச்சுப் பாத்த மனுசன், எனக்கு அப்ப ஒண்டும் விளங்கேல்லை எண்டு சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது?" அவள் சன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அவர் வாயால ஒண்டும் வராது. கையால வர வைக்க வேணும். அந்தக் கடையில நிப்பாட்டும். ஒரு போன் எடுக்க வேணும்."

என்ன பேச வேண்டும் என்று அவள் சொன்னாள். பத்துமலை அவளையே பார்த்தான்.

"இது பாவம் மேடம்."

"ஓம்," என்றாள் சாரதாதேவி. "போம்."

*

மருந்தக முகப்பில் வெயில் சாய்ந்திருந்தது. சாரதாதேவி, பத்துமலை, சன்னாசி மூன்று பேரும் பெஞ்சில். உள்ளே மருந்து அலமாரிக்குப் பின்னால், அருளம்பலம் அறியாமல், சாரதாதேவி வரவழைத்த போலீஸ் சார்ஜன்ட் அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்தார்.

"ஆரால காய்ச்சல் எண்டு கண்டுபிடிச்சீரே?" என்று கேட்டார் அருளம்பலம். போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"இன்னும் இல்லை. கிணறாத்தான் இருக்கும்போல."

அவர் தோள் தளர்ந்தது. "நான் அப்பவே சொன்னன். பாத்தீரோ? நாங்கள் படிச்ச ஆக்கள். இதுகளுக்காக ஏன் பிள்ளை மினக்கெடுறீர்?"

செல்லாயி தூக்குவாளியோடு வந்தாள். ஒரு வாரம் முடங்கிக் கிடந்தவள், மறுபடி வாளியைத் தூக்கிய சந்தோஷம் தாங்காமல் எல்லாருக்கும் ஊற்றினாள். அருளம்பலம் வழக்கம்போல் கையை அசைத்தார். "சளி."

சன்னாசி தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். அருளம்பலம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துமலை தம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். மனசுக்குள் குலசாமியைக் கூப்பிட்டிருப்பான். கண்ணை மூடிக் குடித்தான். அருளம்பலம் அதையும் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்து, செல்லாயி. தம்பிக்கு நல்ல தாகம்," என்றார்.

சாரதாதேவி தம்ளர்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள்.

"அப்பா! உங்களுக்கு மயக்கம் வந்து விழுந்திட்டீங்கள் எண்டு விடுதிக்குப் போன் வந்தது!"

அருளம்பலம் எழுந்தார். "வத்சலா? ஆர் போன் எடுத்தது? நீ ஏன் இங்க..."

"ஒண்டும் இல்லையோ உங்களுக்கு? அம்மாளாச்சி!" அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் அழுதிருந்தாள். முகம் வீங்கியிருந்தது, உதடு காய்ந்திருந்தது.

"பாவம், தொண்ட வறண்டு வந்திருக்கு புள்ள," என்று செல்லாயி தம்ளரை நீட்டினாள். "குடி கண்ணு."

வத்சலா வாங்கி வாயில் வைத்தாள்.

அருளம்பலம் பாய்ந்தார். தேநீர்க் கோப்பை உடைந்தது. தம்ளரைத் தட்டிவிட்டார். அது படியில் உருண்டு விழுந்தது. மகளின் கன்னத்தை ஒரு கையால் நெரித்து, மறு கையால் அவள் வாய்க்குள் விரலை விட்டார்.

"துப்பு! துப்படி! முழுங்காதை! துப்பு!"

வத்சலா திமிறினாள், இருமினாள், மோரும் எச்சிலும் சட்டை முழுக்க வழிந்தது. அவள் அலறினாள். அவர் விடவில்லை.

"அருளம்பலம்," என்றாள் சாரதாதேவி. குரலை உயர்த்தவில்லை. "இவை ரெண்டு பேரும் குடிக்கேக்கை ஏன் துப்பச் சொல்லேல்லை?"

அவர் விரல்கள் மகளின் வாயிலிருந்து மெல்ல வெளியே வந்தன.

"பயப்பட வேண்டாம். இந்த மோர் சிலிபினில என்ர வீட்டில கடைஞ்சது. செல்லாயி கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் வாளியைத் தூக்கினவ. உள்ள ஒண்டும் இல்லை. ஆனா உள்ள என்ன இருக்கும் எண்டு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

அலமாரிக்குப் பின்னாலிருந்து சார்ஜன்ட் அர்ச்சுனன் வெளியே வந்தார்.

அருளம்பலம் சுற்றிப் பார்த்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அழுகிற மகளைப் பார்க்கவில்லை.

"எந்தச் சட்டத்தில பிடிக்கப் போறியள்? ஒரு சமையல்காரிக்கு வேலை எடுத்துக் குடுத்தன். மோர் குடுத்தது நானே?"

"நான் விசாரிச்சனான். கம்பெனிக்காரர் ஈப்போவில உங்களுக்கு ஒரு கிளினிக் எடுத்துத் தாறம் எண்டவை. அதுக்கு லயம் காலியாக வேணும். மகளைத் தைப்பிங்குக்கு அனுப்பின கையோட இவவை இங்க கூப்பிட்டிருக்கிறியள்."

"உம்மட கதை. சாட்சி ஆர்?"

செல்லாயி நடுவில் நின்றாள். ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன அக்கா? மோருல என்ன? நான் சுத்தமாத்தானே..."

சாரதாதேவி எழுந்தாள். இதை ஈப்போ ஆஸ்பத்திரியில், ஒரு அறையில், மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதற்கு அருளம்பலம் நேரம் கொடுக்கவில்லை.

"நான் சொல்லுறன் கேள்," என்றார் அவர், செல்லாயியின் பக்கம் திரும்பி. அந்த இளகிய குரலே. "காய்ச்சல் உன்னட்டத்தான் இருக்கு. உன்ர வயித்துக்குள்ள. உன்ர புருஷனைச் சாக்காட்டினது ஆர்? உன்ர பிள்ளையளைச் சாக்காட்டினது ஆர்? இந்தச் சன்னாசியின்ர பெட்டையைச் சாக்காட்டினது ஆர்? உன்ர கை. நீ ஊட்டின சோறு. இப்ப போய்க் கோர்ட்டில அழு, அருளம்பலம் ஐயா குற்றவாளி எண்டு. ஊர் ஆரை அடிக்கும் எண்டு பாப்பம்."

செல்லாயி தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவற்றை உடம்பிலிருந்து தள்ளி, எதிலும் படாமல் பிடித்துக்கொண்டாள்.

கித்தான் கட்டிலில் ஒரு காய்ச்சல்காரர் முனகினார்.

"டப்பா குடுத்தேனே ஐயா," என்றாள் செல்லாயி.

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"பாகான் செராயில. டப்பாவ வாங்குறதுக்கு நீங்களே வீட்டுக்கு வந்தீங்க. அப்ப எஞ் சின்னவன் வாசல்ல கோலி வெளையாடிட்டு இருந்தான். அவன் தலையில தட்டி, நல்லாப் படிக்கணும்னு சொல்லிட்டுப் போனீங்க. அதுக்கு மறு மாசந்தான் அவன் செத்தான்." அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? அவன் உசுரோட இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சா?"

"ஆலைக்காரன் சமையல்கட்டை மூடமாட்டன் எண்டான்," என்றார் அருளம்பலம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. சார்ஜன்ட் அர்ச்சுனனும் அதைக் கேட்டார்.

செல்லாயி சாரதாதேவியிடம் திரும்பினாள். "இதுக்கு மருந்து இருக்காக்கா?"

"இருக்கு. பித்தப்பையை எடுத்தால் அநேகமாச் சுகமாகும்."

"அப்பவே இருந்துச்சா?"

சாரதாதேவி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இருந்தது," என்றாள்.

வத்சலா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் பக்கம் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, அவர் தன்னைத் தொட முடியாத தூரத்தில் போய் நின்றாள். அருளம்பலத்தின் முகம் முதல் முறையாக உடைந்தது.

*

செய்தி லயத்துக்குப் போனது. ஆனால் முழுதாகப் போகவில்லை. டிரசரைப் போலீஸ் பிடித்தது, கம்பெனி, கிளினிக், ஆலை எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. 'காய்ச்சல் செல்லாயிகிட்ட இருந்து வந்துச்சாம்' என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது படிக்குக் கீழே கூட்டம் திரண்டிருந்தது. போன வாரம் அருளம்பலத்தின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கிழவி முன்னே நின்றாள். சார்ஜன்ட் அர்ச்சுனன் அருளம்பலத்தை ஜீப்பில் ஏற்றினார். ஒருவரும் அவரைத் தொடவில்லை. சிலர் பழக்கத்தில் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஜீப் பத்திரமாகப் புறப்பட்டது.

முதல் கல் செல்லாயியின் தோளில் பட்டது. இரண்டாவது நெற்றியில். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கைகளை அப்படியே தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தம் புருவத்தில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

"நிப்பாட்டுங்க லா! பைத்தியமா ஒங்களுக்கு?" பத்துமலை கூட்டத்துக்குள் பாய்ந்தான். யாரோ அவனை ஓங்கி அறைந்தார்கள். அவன் அதற்கும் ஏதோ சொன்னான், இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

சன்னாசிதான் அவளைக் கார்வரைக்கும் கொண்டு வந்தான். பால் வெட்டுகிற கத்தி அவன் இடுப்பில் இருந்தது. அதை அவன் தொடவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து, தன் முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்து, அவளை நடத்தி வந்தான். முதுகில் விழுந்த கற்களை எண்ணவில்லை. பின்சீட்டில் அவளை ஏற்றி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினான். பத்துமலை உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். சாரதாதேவி முன்சீட்டில், பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கார் பெரிய ரோட்டுக்கு வந்தது.

"தள்ளி ஒக்காருங்கண்ணே," என்றாள் செல்லாயி. "என் கை பட்டுரும்."

சன்னாசி தள்ளி உட்காரவில்லை.

"ஏண்ணே என்கூட வாறீங்க? ஒங்க பாப்பாவ நான்..." அவளால் முடிக்க முடியவில்லை. "ரோட்டுல எறக்கி விட்டுருங்க. எதுலயாச்சும் விழுந்து செத்துப்போறேன். இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?"

சன்னாசி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"ஒன்ன நான் மன்னிக்கல," என்றான். "மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அந்த டப்பாவக் குடுத்தது நீ, வாங்குனது அவன். அதக் கோர்ட்டுல சொல்ல ஒலகத்துல ஒன்ன விட்டா ஆளில்ல. நீ செத்துட்டா அவன் வெளிய வந்துருவான்."

கார்க் கதவின் பூட்டை அழுத்தி, அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

"அது வரைக்கும் நான் ஒன்னச் சாக விடமாட்டேன்."